பச்சை நூல் கட்டிய மெழுகுதிரி

பெப்ரவரி இரண்டாம் திகதி எங்களுக்கு மெழுகுதிரித் திருநாள். குழந்தை இயேசுவைத் தாய் ஆலயத்துக்குக் கொண்டுபோக, முதியவர் ஒருவர் கையில் வாங்கி, இவரே உலகத்துக்கு ஒளி என்று சொன்ன நாள். தாயின் நெஞ்சை வாள் ஊடுருவும் என்று சொன்னதும் அதே முதியவர்தான். அன்று பூசைக்கு முன் பங்குச் சுவாமியார் மெழுகுதிரிகளை மந்திரித்துத் தருவார். மாம்புரியில் எங்கள் வீட்டில் ஆளுக்கொன்று கொண்டுவந்து அலுமாரியில் வைப்போம். இடிமின்னலுக்குக் கொளுத்துவோம். சாகக் கிடப்பவரின் கையில் பிடிக்கக் கொடுப்போம். அப்பா போனபோது அவரால் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் அவர் விரல்களைப் பொத்திப் பிடித்திருந்தார்.

யுத்தம் முடிந்து கடல் தடைகள் தளர்ந்த பிறகு, தம்பி மீன்பிடித் தொழிலுக்குப் போனான். திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. யுத்தகாலம் முழுக்கத் தப்பியிருந்தவன்.

அம்மா அழவில்லை. "இந்தியாப் பக்கம் இழுபட்டிருப்பான். பிடிச்சு மறியல்ல அடைச்சு வச்சிருப்பாங்க. விட்டா வருவான்," என்றார். திருநாளுக்குத் திருநாள் அவனுக்கும் ஒரு மெழுகுதிரி மந்திரித்து வாங்கினார். அடியில் அவனுடைய பச்சை வலைநூலைக் கட்டி வைப்பார். அதை யாரும் கொளுத்தக் கூடாது. கொளுத்தினால் அவன் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அவனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவும் விடவில்லை. நானும் அவனைப் பறிகொடுத்தவள்தானே? அந்த வீட்டில் எனக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லை. அம்மாமேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஓர் ஐப்பசிப் பின்னேரம் வானம் கறுத்து இடி இறங்கியது. கரண்டும் நின்றது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, "பிள்ளை, மெழுகுதிரியக் கொளுத்து!" என்று கத்தினார். அலுமாரியைத் திறந்தேன். என்னுடையது முன்னாலேயே இருந்தது. தம்பியுடையதை எடுத்துக் கொளுத்தினேன்.

அம்மா வந்து பச்சை நூலைப் பார்த்தார்.

"ஆர்ட மெழுகுதிரி இது?"

"இருட்டில தெரியல்லம்மா."

அது பொய். அணைக்கக் குனிந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. எரியட்டும்."

பிறகு நிலத்தில் முழங்காலிட்டு, அப்பாவின் விரல்களைப் பொத்தியதுபோலவே அந்த மெழுகுதிரியைப் பொத்திப் பிடித்தார். அவ்வளவு நாளும் சொல்ல மறுத்த, மரித்தவர்களுக்கான செபத்தைச் சொல்லத் தொடங்கினார். மெழுகு உருகி விழுந்தும் கையை எடுக்கவில்லை. மழை விட்டபோது நூலும் கருகியிருந்தது. நான் கேட்டது இதைத்தான். கிடைத்ததும், கருகிய நூலை எடுத்து மறுபடி முடிச்சுப் போடப் பார்த்தேன்.

அடுத்த திருநாளுக்கு பக்கத்து ஊரான முந்தலில் ஒரு கடையில் வழக்கம்போல மூன்று மெழுகுதிரி வாங்கி வந்தேன். அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒன்றை என்னிடம் தந்தார். மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆருக்கு, பிள்ளை?"

அதை மேசையில் வைத்துவிட்டு, அம்மா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தார். நான் கதிரையில் இருந்து அழுதேன். அம்மா காத்திருந்த வரைக்கும் எனக்கும் ஒரு தம்பி இருந்தான்.