லெஃப்ட் பேக்கில் என் தம்பி

மழையில் பாதி நனைந்த வெள்ளைத் துணியின் ஈர வாடை... அதோடு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாசம், கல்லில் வேகும் ரொட்டி சானாய் வாசம். அந்தக் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஃபுட்பால் மேட்ச் பார்ப்பது என்றால் எனக்கு இதுதான். சாப்பாட்டுக் கடைக்காரர் அந்தத் துணியை வாசலில் கட்டி, ப்ரொஜெக்டரை ஒரு பீர் பெட்டி மேல் வைத்திருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆபீஸ் பிரிக்ஃபீல்ட்ஸில், வீடு கிள்ளான் பண்டமாரானில். என் தம்பி குணா அப்போது நேஷனல் டீமில் இருந்தான்.

ஆமாம், மலேசியா டீமேதான்!

ஆனால் அந்த வருஷத்துக் கோப்பைப் போட்டி முழுக்க பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். லெஃப்ட் விங்கர். முன்னால் பந்து கிடைத்தால் அவனைப் பிடிக்க முடியாது. டிஃபென்ஸ் மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது.

செமி ஃபைனலுக்கு முந்தின நாள் போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு நான் ஃபர்ஸ்ட் லெவன்ல இருக்கேன்."

ஆபீஸ் என்பதையே மறந்து கத்திவிட்டேன். "லெஃப்ட் விங் தானடா?"

"இல்லக்கா... லெஃப்ட் பேக். ரெகுலரா ஆடறவனுக்கு ரெண்டு யெல்லோ கார்ட் ஆயிருச்சு, நாளைக்கு ஆட முடியாது. வேற ஆளு இல்ல."

"நீ என்னைக்குடா டிஃபென்ஸ்ல ஆடியிருக்க? கோச்சுக்கு என்ன கிறுக்கா?"

"மாட்டேன்னு எப்படிக்கா சொல்றது? நாளைக்கு சொதப்புனா இனிமே கூப்பிடவே மாட்டாங்க லா."

அன்று ராத்திரி வீட்டுக்குப் போனால், அப்பா பாசார் கடைத்தெரு வரைக்கும் போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தார். மறுநாள் எங்கள் வீட்டு ஹாலில் பாதி பண்டமாரான் உட்காரப் போகிறது. அவன் சொதப்பினால் அத்தனை பேர் முகத்தையும் என்னால் பார்க்க முடியாது. அதனால் என்னை யாருக்கும் தெரியாத பிரிக்ஃபீல்ட்ஸ் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டமான கூட்டம்! என் மேஜையில் கழுத்தில் ஆபீஸ் டேக்கோடு ஓர் அங்கிள் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மேஜையில் இருந்ததையெல்லாம் இழுத்து டீமை அடுக்க ஆரம்பித்தார். கீச்சாப் சாஸ் பாட்டில் கோல்கீப்பர், கிளாஸ்கள் மிட்ஃபீல்டு, பல்குச்சி டப்பா லெஃப்ட் பேக். அப்போது எல்லாக் கடையிலும் இப்படி ஒரு கோச் இருப்பார்.

என் தம்பி பல்குச்சி டப்பா ஆகிவிட்டான்... சரி, போகட்டும்.

மேட்ச் ஆரம்பித்தது. எதிரணியின் ஏழாம் நம்பர் காற்று மாதிரி ஓடினான். ஒரு தடவை குணாவைத் தாண்டினான், மறுபடியும் தாண்டினான். அப்போது பக்கத்துக் கடையிலிருந்து "ஐயோ!" என்று ஒரு சத்தம். அங்கே ஏரியல் டிவி, எங்கள் கடையில் டிஷ். அவர்களுக்கு எல்லாமே சில வினாடி முன்னாடி தெரிந்துவிடும். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கோல் விழுந்திருந்தது, குணா தரையில் கிடந்தான்.

"விங்கர கொண்டு போய் பேக்ல போட்டா வேற என்ன ஆகும்? தூக்கு லா அவன!" என்று சொல்லி அங்கிள் பல்குச்சி டப்பாவை மேஜையை விட்டே எடுத்து நாற்காலியில் வைத்தார்.

வந்ததே எனக்குக் கோபம்! டப்பாவை எடுத்து டக்கென்று பழைய இடத்தில் வைத்தேன்.

"அவன் மேல தப்பில்ல அங்கிள். முன்னாடி நிக்கிற லெஃப்ட் மிட்ஃபீல்டர் கீழ இறங்கறதே இல்ல. தனி ஆளா ரெண்டு பேர எப்படி பாப்பான்? அங்க நீங்க நின்னாலும் இதான் நடக்கும்."

"ஃபுட்பால்லாம் பாப்பியாம்மா?"

"பாக்காமயா சண்ட போடறேன்?"

இடைவேளை முழுக்க சண்டைதான். அவர் டப்பாவை எடுப்பார், நான் திருப்பி வைப்பேன். சுற்றி நாலு மேஜைக்காரர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிட்டார்கள்.

செகண்ட் ஹாஃபில் நிஜக் கோச் மாற்றியது யாரைத் தெரியுமா? அந்த லெஃப்ட் மிட்ஃபீல்டரை! புதிதாக வந்த பையன் மாடு மாதிரி உழைத்தான், கீழே இறங்கி இறங்கி வந்தான். குணாவுக்கு மூச்சு வந்தது. ஏழாம் நம்பரின் ஆட்டமும் அடங்கியது. ஒரு கார்னரில் நாங்கள் சமன் செய்தோம்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். குணா பந்தைப் பறித்தான். பறித்தவன் பாஸ் கொடுக்காமல் ஓட ஆரம்பித்தான். ஏழாம் நம்பருக்குத் திரும்பி ஓடிப் பழக்கமே இல்லை, அங்கேயே நின்றுவிட்டான். முன்னால் மைதானம் காலி! என் தம்பி மறுபடியும் விங்கர் ஆகிவிட்டான்.

"ஓடுடா குணா! ஓடு!"

அதற்குள் பக்கத்துக் கடையில் வெடித்தது ஒரு சத்தம்... "கோல்!!!"

எங்கள் திரையில் பந்து இன்னும் அவன் காலிலேயே இருந்தது. அப்புறம்தான் அவன் கிராஸ் போட்டான், ஸ்ட்ரைக்கர் தலையால் முட்டினான், வலை குலுங்கியது. கடையே எழுந்து குதித்தது. நான் மட்டும் நாற்காலி மேல் ஏறி நின்று அழுதுகொண்டிருந்தேன்.

"என் தம்பி அங்கிள்! அவன் என் தம்பி!"

அங்கிள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏம்மா முன்னாடியே சொல்லல? என்னென்னமோ பேசிட்டேனே..."

விசில் ஊதி எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் கிளம்பவில்லை. குணா போன் செய்யும் வரை காத்திருந்தார். என்னிடமிருந்து போனை வாங்கி, "தம்பி, உங்கள தூக்க சொன்னது நான்தான். சோரி லா. நல்லா ஆடினீங்க," என்றார். குணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை அவன் லெஃப்ட் பேக்தான்.

இப்போது மேட்சுக்கு முன்னாலேயே டீம் லிஸ்ட் போனில் வந்துவிடுகிறது. பார்ப்பதும் வீட்டு சோஃபாவில்தான். போன வாரம் ஒரு சின்னப் பையன் லெஃப்ட் பேக்கில் தப்புப் பண்ணிவிட்டான். கமெண்ட்டில் அவன் அம்மா வரைக்கும் இழுத்துத் திட்டியிருந்தார்கள். பொறுக்காமல் ஒருவனுக்குப் பதில் எழுதினேன்: 'மிட்ஃபீல்டர் இறங்கவில்லை, பையன் மேல் தப்பில்லை.' சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். பெயரும் இல்லை, முகமும் இல்லை.

எனக்கு அந்த அங்கிள் ஞாபகம் வந்தது. அவரும் கண்டபடி திட்டினவர்தான். ஆனால் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேன். இவனுக்கு எதிரே யாருமே இல்லையே...