ஆண் கன்றுக்கு ஒரு புட்டி சீம்பால்

எங்கள் பால் பண்ணையில் புட்டிக்காரி என்றால் அவள் ஒருத்திதான். பன்னிரண்டு வருஷமாக, பிறந்த கன்றுக்கு முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் புகட்டுவது அவள் வேலை. ஈரம் காயாத கன்றை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து, ஒரு சொட்டுகூடப் புரையேறாமல் இறக்கிவிடுவாள். புருஷனிடம் எரிந்து விழுகிறவள் கன்றிடம் மட்டும் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவாள். பால் கறக்கும் நாங்கள் அதைச் சொல்லியே அவள் உயிரை வாங்குவோம்.

கொஞ்சலெல்லாம் பெண் கன்றுக்குத்தான். ஆண் கன்றுக்குச் சீம்பால் கிடையாது என்பது மேலாளர் போட்ட சட்டம். கறக்காத ஜென்மத்துக்கு எதற்கு என்பான். குடிக்காத கன்று மூன்றாம் நாள் சத்தமில்லாமல் கண்ணை மூடிவிடும். கொல்லையில் குழி தயாராக இருக்கும்.

ஒருநாள் காலை பிறந்த ஆண் கன்று எழுந்ததும் நேரே வந்து அவள் புட்டியை முட்டியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. முழுப் புட்டியையும் குடிக்க விட்டாள்.

"தானா கேட்டு வந்து நிக்குது, எப்படிடா இல்லேன்னு சொல்றது?" என்றாள் என்னிடம்.

நான்தான் போய் மேலாளரிடம் வத்தி வைத்தேன். விளையாட்டுக்குத்தான் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். பொய்.

அவன் திட்டவில்லை. கன்றைக் கடைசி அறையில் வெறும் தண்ணீரோடு அடைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நீதான் பலம் குடுத்துட்டியே. எத்தன நாள் தாங்குதுன்னு பாப்போம்."

எட்டு நாள் தாங்கியது. எட்டு நாளும் கத்தியது. பால் ஊற்றிய டீயைக் குடித்துக்கொண்டே, "என்னா தொண்டைடா!" என்று நாங்கள் சிரித்தோம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள்.

"சார், பால் குடுக்க வேணாம். ஒரேயடியா கொன்னாவது போட்ருங்க சார்."

"அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா" என்றான்.

எட்டாம் நாள் மதியம் சத்தம் நின்றது. கன்றை இழுத்துப் போய்க் குழியில் போடும்படி அவளிடமே சொன்னான். போட்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு ஆண் கன்று பிறந்தது. அதுவும் தள்ளாடிக்கொண்டே வந்து அவள் முழங்காலை முட்டியது. அவள் கையில் புட்டி நிறையச் சீம்பால், இளஞ்சூடு மாறாமல். கறப்பதை நிறுத்திவிட்டு நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

குனிந்து அதன் தாடையைத் தடவிக் கொடுத்தாள்.

"சீக்கிரமா போயிடு கண்ணு" என்று கொஞ்சினாள். பிறகு அதன் முகத்தைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் நின்ற பெண் கன்றிடம் போனாள்.