நான்கு டிஸ்க்கும் என் தொண்டையும்

எங்கள் வீட்டில் சர்வர் என்று ஒரு பெட்டி உண்டு. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி என் கணவர் செய்தது. அதில் இருந்ததெல்லாம் நான் பாடியதும் பாடவைத்ததும்தான். கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் பாட்டு டீச்சர். கிறிஸ்துமஸ் பாடல்கள், ஈஸ்டர் ஆராதனை, ஆண்டு விழா, கரண்ட் போய் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்த நிகழ்ச்சிகள் என்று எல்லாவற்றையும் அவர் வீடியோ எடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்ற தைரியம்.

எங்கள் ஊரில் எதை வைத்தாலும் ஈரம் பிடிக்கும். செருப்பிலும் பூஞ்சை, பைபிள் அட்டையிலும் பூஞ்சை. அவர் மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்தில் பிறந்தவர். ஈரத்துக்கு அவர்களிடம் ஒரே வைத்தியம்தான்: அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிப் புகை காட்டுவது. விதைப்பூண்டு அப்படித்தான் அடுத்த நடவு வரை கெடாமல் இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சர்வரையும் வெந்நீர் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிட்டார்.

"அங்கனதான் காஞ்சு கெடக்கும்" என்றார்.

காய்ந்துதான் கிடந்தது, கரியும் ஏறிக் கிடந்தது. ஒரு நாள் காலையில் பரணிலிருந்து கீச் கீச்சென்று சத்தம். இறக்கித் திறந்தால் ஃபேன் முழுக்கப் புகைக்கரி அப்பியிருந்தது. காற்றுப் போகாமல் சூடேறி ஒரு டிஸ்க் செத்துவிட்டது. பெட்டிக்குள் பூண்டு வாசனை வேறு. வேறு சமயமாக இருந்தால் வருஷம் முழுக்க அவரைக் கேலி செய்தே தீர்த்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் முடியவில்லை. என் தைராய்டு கட்டியை எடுக்க மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பை ஒட்டியே கட்டி. "நல்லா பேசுவீங்க. பாட்டு பழையபடி வரும்னு மட்டும் என்னால உறுதி சொல்ல முடியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, என் குரல் அப்போது இரண்டே இடத்தில் இருந்தது. ஒன்று என் தொண்டை, இன்னொன்று பிழைத்துக் கிடந்த அந்த டிஸ்க்.

அவர் வெள்ளனே பஸ் ஏறி, திண்டுக்கல்லில் அதே அளவில் நாலு புது டிஸ்க் வாங்கிவந்தார். சாப்பாட்டு மேஜையில் அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தார். நாலையும் சேர்த்துப் போட்டு, ஒரு டிஸ்க் அளவு இடத்தைக் கணக்குக்கு மட்டும் ஒதுக்கலாமாம். எந்த ஒன்று செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு, போனதைத் திரும்ப வரவழைத்துவிடுமாம். மூன்று டிஸ்க் அளவுக்கு இடமும் கிடைக்கும்.

"அப்ப அதையே போட வேண்டியதுதானே?"

"திரும்ப வரவழைக்கிறப்ப மத்த மூணும் பேய் மாதிரி உழைக்கணும். எல்லாம் ஒரே கடையில ஒண்ணா வாங்குனது. அந்த நேரம் பார்த்து இன்னொண்ணு படுத்துருச்சுன்னா மொத்தமும் போச்சு. நீ ஒஞ் சோலியைப் பாரு, நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். பெட்டி இந்த முறை அடுப்புக்கு வெகுதூரத்தில், முன்னறை அலமாரியில் உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நாலுலயும் ஒரே நகல். இனி மூணு செத்தாலும் ஒண்ணு நிக்கும்."

நான் திரையைப் பார்த்தேன். இடத்தைக் காட்டும் பட்டை விளிம்புவரை சிவப்பாக இருந்தது.

"என்னங்க, ஃபுல்லா இருக்கு?"

"ஆமா. இருக்கிறதெல்லாம் கச்சிதமா உக்காந்துருச்சு."

"அப்ப இனிமே நான் பாடுறது எங்க போகும்?"

அவர் அதை யோசிக்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னும் ஆபரேஷனே ஆகல. அதுக்குள்ள எனக்கு மூடி போட்டு ஆணி அடிச்சிட்டீங்களா?"

"அப்படி இல்லம்மா. அந்தக் குரல் போயிருமோன்னு பயமா இருக்கு."

"எனக்கும்தான் பயம். ஒங்கள விட எனக்குத்தான் அதிகம். ஆனா எனக்கு இடம் வேணும்."

அவர் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு, போட்டதையெல்லாம் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை கணக்குக்கு இரண்டு டிஸ்க் அளவு இடம். நாலில் எந்த இரண்டு செத்தாலும் சரக்கு நிற்கும். பழையது எல்லாம் போக, அதே அளவு இடம் காலியாக இருந்தது. அவருக்கும் தூக்கம் வரும், எனக்கும் மூச்சு வரும். பிழைத்திருந்த பழைய டிஸ்க்கைத் தாண்டிக்குடியில் இருக்கும் அவர் தம்பி வீட்டில் கொடுத்துவைத்தோம். பரணில் வைத்துவிடக் கூடாது என்று நானே தனியாகப் போன் போட்டுச் சொன்னேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் வர நாளாயிற்று. முதலில் வெறும் காற்று, அப்புறம் கரகரப்பு. மாதங்கள் போயும் மேல் ஸ்தாயி எட்டவே இல்லை. அழுதேன். பள்ளியில் உச்சக் குரலில் பாடும் பகுதிகளைப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் பாடும் பகுதியைப் பிடித்துப் பழகினேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தத் தாழ்ந்த குரலிலேயே தனியாக ஒரு பாட்டுப் பாடினேன். அவர் வழக்கம்போல் தூண் ஓரமாக நின்று கேமராவைப் பிடித்தார். நடுவில் ஓர் இடத்தில் குரல் பிசிறி உடைந்தது. வீட்டுக்கு வந்ததும், "அந்த இடத்தை வெட்டிரவா?" என்று கேட்டார். "கை வைக்காதீங்க" என்றேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம், மூடுபனி இறங்குகிறதே என்று கொடியில் இருந்த துணிகளை வெரசாக அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் யாரோ பாடும் சத்தம். தாழ்ந்த, கரகரத்த குரல். நன்றாக இருக்கிறதே, யார் இது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பாட்டு ஓர் இடத்தில் உடைந்தது. அப்போதுதான் அது நான் என்று தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்து நல்ல குரலும் அந்தப் பெட்டியில் கிடக்க, மனுஷர் இதைத் தேடிப் போட்டிருக்கிறார்.