எனக்குத் தெரிந்த மாப்பிள்ளை

லண்டன் மாப்பிள்ளையின் சாதகம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கூடவே அவருடைய படமும் வந்தது, என் படமும் அங்கே போனது. சாத்திரியார் பொருத்தம் பார்த்து முடிக்கும்வரை நான் குசினியில் சமைத்து நின்றதும் அந்த முகத்தோடுதான். பிறகு அவர் செவ்வாய் குற்றம் என்று கையை விரித்தார். தரகர் அதே சாதகத்தை இரண்டு ஒழுங்கை தள்ளிக் கொண்டுபோனார். அங்கே இருந்த பெண்ணுக்குப் பொருந்தியது, கலியாணப் பதிவு எழுத்தும் முடிந்தது. பொருந்தாத சம்பந்தத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

விசாவுக்கு அவள் ஆங்கிலச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். எங்கள் ஊர் சரவணையில் ஆங்கிலம் படிப்பிக்க என்னை விட்டால் யார்? என் வயிற்றெரிச்சலுக்கு நானே சம்பளம் வாங்கி எண்ணெய் ஊற்றினேன்.

அன்றைய பாடம், செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் வினைகள். நடப்பதும் சமைப்பதும் தொடங்கி முடிகிற காரியங்கள். லவ், நோ, வாண்ட், அதாவது நேசிப்பதும் தெரிந்திருப்பதும் விரும்புவதும் அப்படியல்ல, பேசாமல் உள்ளே இருப்பவை. ஐஎன்ஜி போட்டு அவற்றை ஓடவிடக் கூடாது என்றேன். எழுத்து மோதிரம் மின்ன அவள் "ஐ ஆம் லவிங் மை ஹஸ்பண்ட்" என்று எழுதினாள். சிவப்புப் பேனையால் வெட்டினேன். கொஞ்சம் அழுத்தித்தான் வெட்டினேன்.

பிறகு பேச்சுப் பயிற்சி. கணவரைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அவளுக்கு ஆங்கிலத்தில் வரவில்லை.

"அக்கா, நீங்கள் ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ. நான் கேள்வி கேக்கிறன்."

சொன்னேன். உயரமானவர், கணக்கியல் படித்தவர், தனக்குத் தானே சமைப்பவர், நாடியில் சின்னத் தழும்பு உள்ளவர். ஆங்கிலம் தண்ணீராய் ஓடியது.

"நாடியில தழும்போ? எனக்குத் தெரியாதே. அவர் தாடியெல்லோ வச்சிருக்கிறார்!"

எனக்கு வந்த படத்தில் தாடி இல்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதில் எனக்கு எவ்வளவு சந்தோசம்!

அவள் உடனே வீடியோவில் அவரைக் கூப்பிட்டாள். "தாடியை விலக்கிக் காட்டுங்கோ." தழும்பு இருந்தது.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"எங்கட இங்கிலிஷ் அக்கா" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

என் படத்தைப் பார்த்தவர்தானே, ஒரு கணமாவது முகம் மாறாதா என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

"வணக்கம் அக்கா" என்றார், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "இவவை எப்பிடியாவது பாஸ் பண்ண வச்சிடுங்கோ."