சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில்

மாமா ட்வீட்டரை மாற்றிவிட்டார் என்ற எண்ணம் எனக்கு முதலில் வந்தது, ஜால்ரா சத்தம் காணாமல் போன அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான். நாதஸ்வரக் கச்சேரி கேசட் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் இதே பெட்டிகளில், இதே இடத்தில், ஜால்ரா நெற்றிக்கு நேரே நின்று கிணுகிணுத்தது. இப்போது யாரோ அதைப் போர்வைக்குள் வைத்துத் தட்டுவதுபோல இருந்தது. ட்வீட்டர் என்பது ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல்பக்கம் உட்காரும் குட்டி ஸ்பீக்கர், உள்ளங்கையில் அடங்கிவிடும், மெல்லிய சத்தமெல்லாம் அதன் பொறுப்பு. பெட்டிக்கு ஒன்று என இரண்டையும் நானே பெங்களூர் போய் வாங்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்திருந்தேன்.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். நல்லம்பள்ளியில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக்கும் ஸ்பீக்கருமாக ரேடியோ செட் கட்டுகிறவர். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நான் சும்மா இருந்த காலத்தில், இரண்டு பேரும் பாதிப் பாதி பணம் போட்டு, அவர் வீட்டிலேயே இந்த ஜோடிப் பெட்டிகளைச் செய்ய ஆரம்பித்தோம். தர்மபுரி டாக்டர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற பெட்டி இங்கே கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் நான் இந்த வேலையிலேயே இருக்கலாம். பிடிக்காவிட்டால் திங்கட்கிழமை ஓசூர் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா அதில் கறாராக இருந்தார்.

மிச்சமிருந்ததெல்லாம் கடைசி வேலைகள்தான். தேக்குப் பலகைக்கு அரக்கு பாலிஷ் ஏற்றி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஏற்றினோம். உள்ளே இலவம் பஞ்சை அமுக்காமல் பரப்பினோம். முன்பக்கத்தை மூட, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பழுப்புத் துணி ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஒயர் மாட்டுகிற பித்தளைத் திருகுகள் வாங்க நான் சேலம் போனேன். பகல் முழுக்க பெட்டிகளோடு இருந்தவர் மாமா மட்டும். திரும்பி வந்தபோது துணி மாட்டி, பெட்டிகள் மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று நின்றன. ஜால்ராதான் இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன். அன்று மாமா அளவுக்கு மேல் சிரித்தார். பேச்சு டாக்டர் பக்கம் போனால் பீடி பற்றவைத்தார். மறுநாள் டீக்கடையில் ஏரியூர்க்காரர் ஒருத்தர், "உங்க மாமா செட்டு நேத்து ராத்திரி எங்கூர் பண்டிகையில கணீர்னு பேசுச்சுங்க, புதுசா என்னமோ மாட்டியிருக்காராட்டம் இருக்குது" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், பின்பலகைத் திருகுகளின் தலையில் புதுக் கீறல்கள். நான் முடுக்கிய பிறகு யாரோ திறந்திருக்கிறார்கள்.

ஆனால் என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. ட்வீட்டர்களை வாங்கிவந்த அன்றே, அக்காவின் நகப்பூச்சை எடுத்து இரண்டின் முதுகிலும் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தேன். ரேடியோ செட் ஆட்களை அப்படியெல்லாம் நம்பிவிட முடியாது என்று அப்போதே தோன்றியது.

ஒரு பெட்டியின் துணிச்சட்டத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். ட்வீட்டரைத் திருகி எடுத்துத் திருப்பினேன். என் சிவப்புப் புள்ளி இருந்தது. பக்கத்தில், உரசிக்கொண்டு, பச்சையாக இன்னொரு புள்ளி.

அந்தப் பச்சையை ஊரே அறியும். திருவிழாவில் நாலு செட்டுக்காரர்களின் சாமான் கலந்துவிடும் என்று மாமா தன் குழாய் ஸ்பீக்கர், மைக், ஒயர் எல்லாவற்றிலும் பூசிவைக்கிற பெயிண்ட் அது.

"ஏன் மாப்ள, பொறந்த கொழந்தைய மறுபடியும் அறுத்துப் பாக்கற?" வாசலில் மாமா.

"இதென்னங்க மாமா பச்சையா?"

கிட்டே வந்து பார்த்தார். "அது கெடக்கட்டும், இதென்ன செவப்பா?"

ட்வீட்டரை என் கையிலிருந்து வாங்கி இரண்டு புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அவரே, "நீ ஒத்தையில பெங்களூர் போற வர்ற. நல்லத எடுத்துட்டு நோஞ்சான உள்ள வெச்சு மூடிட்டீன்னா? பாதி எம்பணமாச்சே மாப்ள" என்றார். சேலத்துக்கு நான் பஸ் ஏறின கையோடு பின்பலகையைத் திறந்து, கைவிட்டுப் பச்சை வைத்திருக்கிறார். நான் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். பெயிண்ட் மட்டும் வேறு.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், ட்வீட்டரை மாட்டிவிட்டு கேசட்டைப் போட்டேன். திறந்து கிடந்த பெட்டியில் ஜால்ரா கிணுகிணுத்தது. துணி மூடிய பெட்டியில் போர்வைச் சத்தம்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரில் சாய்ந்திருந்த சட்டத்தைப் பார்த்தோம். மாமா விரலால் சுண்டினார். அப்பளத்தைச் சுண்டினதுபோல டொக்கென்றது.

"ஏ புள்ள, இந்தத் துணிய என்ன பண்ணித் தொலச்ச?"

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "கஞ்சி போட்டங்க. தொளதொளன்னு மாட்டினா டாக்டரூட்டம்மா சிரிக்க மாட்டாங்களா? நல்லா கெட்டியாவே போட்டன்."

துணியின் கண்ணெல்லாம் சோற்றுக்கஞ்சி அடைத்திருந்தது. சத்தம் வெளியே வர வழியில்லை. ஏரியூர் கணீரைப் பற்றி மாமாவிடம் கேட்டேன். பேட்டரியை மாற்றினாராம். அதை இன்றுவரை நான் முழுதாக நம்பவில்லை. துணியை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு, அவிழ்ந்துவிடாமல் இழுத்துக் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது யார் வாசிக்கிற ஜால்ரா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை ஓசூர் பஸ் நான் இல்லாமலே போயிற்று.

சில வருஷம் ஓடிவிட்டது. இப்போது பாப்பிரெட்டிப்பட்டி பாட்டு வாத்தியார் ஒருவருக்காக, இன்னும் உயரமான ஒரு ஜோடி தயாராகிறது. பாலிஷ் காய்ந்துவிட்டது. துணி கொடியில் தொங்குகிறது. அக்காவை அந்தப் பக்கமே விடவில்லை. ட்வீட்டர்கள் இரண்டும் என் உள்ளங்கையில் இருக்கின்றன. நகப்பூச்சுக் குப்பி அலமாரியில், மூடி திறக்காமல் இருக்கிறது. இந்த முறை அடையாளம் எதுவும் வைக்காமல், பின்பலகையை மாமாவையே மூடச் சொல்லிப் பார்க்கப்போகிறேன். மூடிவிட்டு அவர் கையை எடுக்கும்போது, விரல் நுனியில் பச்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.