மூன்றாவது இடம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஓடு போட்ட ஒரே அறை, அதில் நாலு வகுப்பு, இரண்டு வாத்தியார்கள். நான் சின்னவன், ஆனால் சாமர்த்தியசாலி என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளிக்கு நாலாம் வகுப்பு வரைதான் அனுமதி. ஐந்தாம் வகுப்பும் வேண்டும் என்று அந்த வருஷம் மனுப் போட்டிருந்தோம். இன்ஸ்பெக்டர் வந்து நாலாம் வகுப்பைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். கிடைக்காவிட்டால் பிள்ளைகள் பட்டாளத்து லாரிகள் ஓடும் ரோட்டில் வெகுதூரம் நடந்து வேறு பள்ளிக்குப் போக வேண்டும். பையன்கள் போவார்கள். பெண்பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள்.

கள்ளிக்குப்பத்தில் வேலை பார்த்த ஒரு வாத்தியார் எனக்குப் பழக்கம். அந்த இன்ஸ்பெக்டரின் வழக்கத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். முன்வரிசை ஓரத்தில் தொடங்குவாராம். உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்வாராம். பிறகு பாடப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் கணக்குகளை அதே வரிசையில் ஆளுக்கு ஒன்றாகக் கேட்பாராம். வருஷா வருஷம் இதேதான், பாடம்கூட மாறாதாம்.

எனக்கு அது போதும். நாலாம் வகுப்பில் பதினாலு பிள்ளைகள். முன்னால் ஐந்து பெண்கள், பின்னால் ஒன்பது பையன்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி, ஒரு கணக்கு என்று பங்கு போட்டுக் கொடுத்து, ஆறு வாரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார்கள். அடுத்தவன் பத்தி யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் என்ன என்று நினைத்தேன்.

மூன்றாவது இடத்தில் இருந்த பெண்தான் எனக்குத் தலைவலி. அவள் அப்பா ஏரிப் பாசன நிலத்தில் கூலி வேலை செய்பவர். அவள் மக்கு இல்லை. சிலேட்டில் எழுதச் சொன்னால் சரியாக எழுதுவாள். ஆனால் எழுந்து நின்று சொல்லச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்ளும். நாலு தடவை கேட்டால் மூன்று தடவை பேசாமல் நிற்பாள். சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம் அவளை மட்டும் நிறுத்தி, நாளைக்கு வர வேண்டாம், வீட்டிலேயே இரு என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரி சார் என்று போய்விட்டாள்.

மறுநாள் காலையில் முன்வரிசையைப் பார்த்தேன். நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. அது அழகாக இல்லை. அதற்கு அடுத்து இருந்தவர்களை ஓர் இடம் நகர்ந்து நெருக்கி உட்காரச் சொன்னேன். முதல் பையனை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். வரிசை நிறைந்துவிட்டது. எனக்கு ரொம்பத் திருப்தி.

பத்து மணி ரயிலில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். முதல் பெண் முதல் பத்தியைத் தண்ணீர் மாதிரி வாசித்தாள். இரண்டாவது பெண்ணும் அப்படியே. மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து நாலாவது பத்தியைக் கணீரென்று சொல்லத் தொடங்கினாள். வரிசையை நகர்த்தி நான் செய்த தப்பு அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் கேட்டது மூணாவது பத்திம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பயத்தில் ஓர் எழுத்தும் வரவில்லை. அதன் பிறகு ஒருவர்கூடத் தேறவில்லை. கணக்கு இன்னும் மோசம். மூன்று மரக்காலுக்கு எத்தனை படி என்று கேட்டால் ஒரு பையன், "நாலு ரூபா ரெண்டணா சார்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவனுக்குக் கொடுத்த கணக்கின் விடை அதுதான்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க. மூணாவது ஆள் எங்கே?"

"ஜுரம் சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். ஐந்தாம் வகுப்புக்கு இப்போது அனுமதி இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்.

அன்று நாலு மணிக்குப் பள்ளியைப் பூட்டும்போது அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். ஒரு கையில் அவளைப் பிடித்திருந்தார். அவள் கன்னம் வீங்கியிருந்தது. மூன்றாவது இடத்துக்காரி ஜுரத்தில் வராததால்தான் எல்லாம் மாறிப்போனது என்று, மத்தியானம் வீட்டுக்குப் போன பிள்ளைகள் தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"ஐயா, இதுக்கு ஜொரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இஸ்கூலு லீவுன்னு பொய் சொல்லிகினு ஊட்லயே குந்திகினு கீது. இதால உங்க பேரு கெட்டுப்பூடுச்சு. அஞ்சாவதும் பூடுச்சு. நீங்கதான் மனசு வச்சு மன்னிக்கணும்" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடி வாங்கும்போதுகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நான்தான் வர வேண்டாம் என்றேன் என்று. ஆனால் அந்த ஊரில் என் மதிப்பு என்ன ஆகும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது.

"பரவாயில்லை, மன்னிச்சிட்டேன். இனிமே அடிக்காதீங்க" என்றேன்.

அவர் என்னைக் கும்பிட்டார். மகளையும் கும்பிடச் சொன்னார். அவளும் கும்பிட்டாள். எழுபது எண்பது பேருக்கு முன்னால் திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

அடுத்த வருஷம் ஐந்தாம் வகுப்பு கிடைத்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்காக வாசிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், எந்தப் பத்தியைக் கேட்டாலும் சொன்னார்கள். ஆனால் அதற்குள் அவள் நடவுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நான் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவள் அப்பா, "உங்களுக்குத் தொந்தரவு குடுத்த பொண்ணு அது, வேணாங்க ஐயா" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போதும் ஏதாவது ஒரு பள்ளியின் சுவரில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த வரிசையில் எந்த இடத்தை நெருக்கி அடைத்தார்கள், அந்தப் பிள்ளை அன்றைக்கு வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.