பதினான்கு தவளைகள்

அவளுடைய அசல் பெயர் கல்லூரி வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. விடுதியில் எல்லோருக்கும் அவள் பிரம்மா. விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் கரப்பான்பூச்சி முதல் சுறா வரை தோழிகளுக்குப் படைத்துக் கொடுத்ததால் வந்த பட்டம். இப்போது வயது ஐம்பத்தாறு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இன்றைக்கும் "என்னடி பிரம்மா" என்று போனில் ஒரு குரல் கேட்டால் போதும், அவள் முகத்தில் பத்தொன்பது வயது வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில் "நானே பார்த்து, நானே வரைந்தவை" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது விலங்கியல் மிஸ் போட்ட சட்டம். கையெழுத்தை மட்டும் எல்லோரும் ஒழுங்காகத் தாங்களே போட்டார்கள்.

அந்த முறை தவளையின் ஜீரண உறுப்புகள். பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வகுப்பில் மற்ற பதின்மூன்று பேருக்கும் நிதானமாக வரைந்து கொடுத்தாள். தன் நோட்டை எடுக்கும்போது விரல் மரத்துப்போயிருந்தது. வகுப்பு மணியும் அடித்துவிட்டது. ஏனோதானோவென்று கிறுக்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் மிஸ் பதினான்கு நோட்டுகளையும் மேசைமேல் வரிசையாக விரித்து வைத்தார்.

"ஒரே வயித்துல பிறந்த தவளைங்களுக்குக்கூட குடல் இப்படி ஒரே இடத்துல வளையாது" என்றார். பிறகு பிரம்மாவின் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "இருக்கறதுலயே மோசம் இதுதான். காப்பி அடிக்கறதைக்கூட ஒழுங்கா அடிக்கலை. யாரைப் பார்த்து வரைஞ்ச?"

"என்னைப் பார்த்துதான் மிஸ்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிஸ்ஸின் முகம் சிவந்தது. அதற்குமேல் பொறுக்காமல் அறைத்தோழி எழுந்தாள். ஒல்லியாக இருப்பதால் அவளுக்குக் குண்டூசி என்று பேர்.

"அவ சொல்றது நிஜம் மிஸ். எல்லாருக்கும் அவதான் வரைஞ்சு குடுத்தா. நாங்கதான் கேட்டோம்."

மிஸ் கத்தவில்லை. பதினான்கு படங்களின் குறுக்கேயும் சிவப்புக் கோடு இழுத்தார். ஒரு வாரம் சாயங்காலம் ஆய்வகத்துக்கு வந்து, தட்டில் அறுத்து வைத்திருக்கும் தவளையைப் பார்த்து அவரவரே வரைய வேண்டும். பிரம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம்: அடுத்தவர் பென்சிலைத் தொடக்கூடாது.

குண்டூசி வரைந்த தவளை தலையணை மாதிரி இருந்தது. பிரம்மாவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த அந்த வளைவு இந்தத் தவளையிடம் இல்லவே இல்லை. குடல் வேறெங்கோ சுருண்டு கிடந்தது. பதினான்கு தவளைகள் வரைந்தவள் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஒரு படத்துக்கு நான்கு சாயங்காலம் பிடித்தது.

குண்டூசிக்குப் பத்துக்கு நாலு. அந்த நாலை விடுதி முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

இருபத்தெட்டு வருஷமாகப் பிரம்மா மைக்ராஸ்கோப்பில் ரத்தத் துளிகளைப் பார்க்கிறாள். அவசர நாளில், "நேத்து மாதிரிதான் இருக்கும், எழுதிடுங்களேன்" என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள். "இருங்க, பார்த்துட்டு எழுதறேன்" என்பாள்.

மதிப்பெண்ணெல்லாம் மறந்துபோயிற்று. மறக்காதது அந்தச் சாயங்காலங்கள்தான்: ஜன்னலில் சாய்ந்த வெயில், தலைமுடியில் ஏறிய ஃபார்மலின் நெடி, பதினான்கு பேரும் அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பு. தண்டனை முடிந்த அன்று யாருக்கும் எழுந்துபோக மனம் வரவில்லை.